சன்னமும் மருந்தும்: வீட்டுத் தொழிலொன்றின் வரலாறு

போரைப்பற்றி எழுதப்பட்ட நூல்கள் பலவாம். அவற்றுட் பெரும்பாலானவை படைத்தலைவரின் சூழ்ச்சியையும், அரசரின் உடன்படிக்கைகளையும், வெற்றி தோல்விகளையும் விரித்துரைப்பன. போர்வீரன் தன் துப்பாக்கியில் இட்ட சன்னத்தை வார்த்தவர் யார், அது எவ்விடத்தில் வார்க்கப்பட்டது, அதனைச் செலுத்திய மருந்து எங்கிருந்து வந்தது என்னும் வினாக்களை அவை பெரிதும் எழுப்புவதில்லை. சிறியனவாகத் தோன்றும் இவ்வினாக்களுக்கு விடை தேடுவோமாயின், ஒரு நாட்டு மக்கள் பெற்ற சுதந்திரம் எவ்வளவுக்கு அவர்தம் கைவலியாற் பெறப்பட்டது, எவ்வளவுக்குப் பிறர் துணையாற் பெறப்பட்டது என்னும் பெரிய வினாவுக்கும் விடை கிடைக்கும்.

சன்னம் வார்த்தலும் தோட்டாக் கட்டுதலும் முற்காலத்தில் வீட்டுத் தொழில்களாக இருந்தன. ஐக்கிய அமெரிக்காவில் இத்தொழில் குடியேற்றக் காலந்தொட்டு இன்றுவரை ஏதோ ஒரு வடிவில் இடையறாது நிலவி வருவதால், இக்கட்டுரையும் அந்நாட்டு வரலாற்றையே முதன்மையாக எடுத்துக்கொள்ளுகின்றது. தம் முன்னோர் வீட்டு அடுப்பிலே தாமே சன்னம் வார்த்துத் தம் விடுதலையைத் தாமே ஈட்டினர் என்று அமெரிக்கர் பெருமையோடு கூறுவர். அக்கூற்றிற் பாதி உண்மை. மற்றப் பாதி யாது என்பதை ஆராய்தலே ஈண்டு எமது நோக்கமாகும்.

ஈயமும் அடுப்பும்

உலோகங்களுள் ஈயம் இல்லத்தாருக்கு இணக்கமானது. இரும்பை உருக்குவதற்கு 1,500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஈயமோ 327 பாகையில் உருகிவிடும். ஆகவே உலைக்களமும் துருத்தியும் இல்லாத வீட்டில், சமையலடுப்பின் விறகுத் தணலே அதற்குப் போதியதாயிற்று. ஓர் இரும்புச் சட்டி, ஓர் அகப்பை, குறடு போன்று திறந்து மூடும் ஒரு வார்ப்பச்சு ஆகிய மூன்றுமே வேண்டிய கருவிகள். அச்சு பித்தளையாலோ இரும்பாலோ மாக்கல்லாலோ செய்யப்பட்டிருக்கும். அக்காலத்துத் துப்பாக்கிகள் ஒரே அளவினவாக இல்லாமையால், ஒவ்வொன்றுக்கும் உரிய அச்சைத் துப்பாக்கியோடு சேர்த்தே கொல்லர் விற்பது வழக்கமாயிருந்தது.

வார்த்த குண்டைத் தோட்டாவாக்குவது அடுத்த வேலை. ஒரு மரக்கோலின்மீது கடதாசியைச் சுருட்டி, ஒரு நுனியிற் சன்னத்தை வைத்து நூலாற் கட்டி, அளந்த மருந்தை இட்டு, மறு நுனியை மடித்துவிடுவர். வீரன் அந்நுனியைப் பல்லாற் கடித்துத் திறந்து, சிறிது மருந்தைத் துப்பாக்கியின் கிண்ணத்திலிட்டு, எஞ்சியதைக் குழலுட் கொட்டிச் சன்னத்தையும் கடதாசியையும் கோலால் இடித்து இறுக்குவான். இவ்வேலைக்கு வலிமையிலும் பொறுமையும் கைத்திருத்தமுமே வேண்டும். எனவே பெண்களும் சிறுவரும் இதனை எளிதிற் செய்தனர்.

மன்னன் சிலை சன்னமான கதை

முத்திரைச் சட்டம் 1766ஆம் ஆண்டில் நீக்கப்பட்டபோது, நியூயோர்க் குடியேற்றத்தின் சட்டமன்றம் நன்றிக்கடனாக மூன்றாம் ஜோர்ஜ் மன்னனுக்கு ஒரு சிலை எடுப்பதெனத் தீர்மானித்தது. இலண்டனிலிருந்த யோசப் வில்ற்றன் என்னும் சிற்பி குதிரைமீதமர்ந்த மன்னனை ஈயத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசி அனுப்பினார். 1770ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அச்சிலை போலிங் கிறீன் என்னும் திடலில் நிறுவப்பட்டது. அதன் நிறை சுமார் 4,000 இறாத்தல் என்பர்.

ஆறாண்டுகள் கழிந்தன. 1776 யூலை 9ஆம் நாள், விடுதலைப் பிரகடனம் நியூயோர்க்கில் நின்ற வாஷிங்டனின் படைகளுக்கு வாசிக்கப்பட்டது. அன்று மாலையே மக்களும் போர்வீரரும் திரண்டு சென்று கயிறிட்டுச் சிலையை வீழ்த்தினர். வீரரின் ஆர்வத்தை ஒப்புக்கொண்ட வாஷிங்டன், அது கலகம்போல் நிகழ்ந்தமையை மறுநாட் கட்டளையிற் கண்டித்தார். எனினும் கிடைத்த ஈயம் வீண்போகவில்லை. அரசனின் படைவீரர்மீது இனி உருக்கப்பட்ட அரசனே எய்யப்படுவான் என்னும் பொருள்பட நியூயோர்க் அஞ்சலதிபர் எபனீசர் ஹசாட் அந்நாட்களிலேயே நகைச்சுவையோடு ஒரு கடிதம் எழுதினார்.

அந்நகைச்சுவை மெய்யாயிற்று. சிலையின் பெரும்பகுதி கப்பலிலும் மாட்டுவண்டியிலும் ஏற்றப்பட்டு, கொனெற்றிக்கட் மாநிலத்து லிச்பீல்ட் என்னும் ஊருக்குக் கொண்டு செல்லப்பட்டது. விடுதலைப் பிரகடனத்திற் பின்னர்க் கையொப்பமிட்டோருள் ஒருவரான ஒலிவர் வுல்கொட்டின் இல்லம் அங்கிருந்தது. அவ்வீடு இன்றும் நிலைபெற்றிருக்கின்றது. வீட்டை அடுத்த அப்பிள் தோட்டத்தில் ஒரு கொட்டில் போடப்பட்டது. தந்தையார் விறகுக் கோடரியாற் சிலையைத் துண்டாட, பெண்கள் கூடிக் களித்துச் சன்னம் வார்த்துத் தோட்டாக் கட்டினர் என்று அவர் மகன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

ஒரு கணக்குத்தாளின் சான்று

இதுவரை கூறியது கதைபோலவே இருக்கும். ஆயின் இக்கதைக்கு எழுத்துச் சான்றொன்று உண்டு. வுல்கொட் குடும்பத்துப் பத்திரங்களுள், யார் யார் எத்தனை தோட்டாக்கள் செய்தனர் என்பதைப் பதிந்த தாளொன்று எஞ்சியிருக்கின்றது. வரலாறு பயிலும் மாணவர் இத்தகைய தாளைப் பொற்காசினும் பெரிதாகப் போற்றுதல் வேண்டும். அதிற் காணப்படும் தொகைகள் வருமாறு: மார்வின் அம்மையார் 6,058; றூத் மார்வின் 11,592; லோறா 8,378; மேரி ஆன் 10,790; பிரெடெறிக் 936; பீச் அம்மையார் 1,802; பிறர் பலர் 2,182; லிச்பீல்ட் ஊர்காவற் படைக்கு அவசரத்திற் கொடுத்தவை 50; கேணல் விகிள்ஸ்வேர்த்தின் படைப்பிரிவுக்குக் கொடுத்தவை 300. மொத்தம் 42,088.

இத்தொகைகளைக் கூட்டிப் பார்ப்பவர் மொத்தம் பிழையின்றி அமைந்திருக்கக் காண்பர். பெயர் குறிக்கப்பட்ட ஐந்து பெண்களின் வேலையை மாத்திரம் கூட்டினால் 38,620 வரும். அஃதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 92 பங்கு. லோறாவும் மேரி ஆனும் வுல்கொட்டின் புதல்வியர். மூத்தவள் பதினைந்தைத் தாண்டாதவள்; இளையவள் பதினொரு வயதளவினள். பிரெடெறிக் பத்து வயதும் நிரம்பாத சிறுவன். எல்லாரினும் மிகுதியாகச் செய்த றூத் மார்வினின் பெயர் வரலாற்று நூல்களில் இக்கணக்கின் பொருட்டே வழங்குகின்றது.

இக்கணக்கிலிருந்து மேலும் இரண்டு செய்திகளை அறியலாம். முதலாவது, வேலை ஒழுங்காக நடைபெற்றது என்பது. தோட்டாக்கள் பன்னிரண்டு கொண்ட பொதிகளாகக் கட்டப்பட்டன. றூத் மார்வின் ஒருமுறை கட்டிய 449 பொதிகள் 5,388 தோட்டாக்கள் எனப் பதியப்பட்டிருத்தலால் இது விளங்கும். விளையாட்டுப்போல் நிகழ்ந்தது என்று மகன் நினைவுகூர்ந்த செயல், தாளிலே கணக்கிட்டு ஒப்படைக்கப்பட்ட உழைப்பாகக் காட்சியளிக்கின்றது. இரண்டாவது, சிலை முழுவதும் சன்னமாகவில்லை என்பது. அக்காலத்துப் படைத்துப்பாக்கிச் சன்னம் ஓர் இறாத்தலுக்குப் பதினாறு அளவிற் செல்லும் என்று கொண்டால், 42,088 சன்னங்களுக்கு வேண்டிய ஈயம் ஏறக்குறைய 2,630 இறாத்தலே. மிகுதி வழியிலே அரசபக்தராற் கவரப்பட்டும் மறைக்கப்பட்டும் போயிற்று. குதிரையின் வாற்பகுதி 1871ஆம் ஆண்டில் வில்ற்றன் என்னும் ஊரில் நிலத்திலிருந்து கிடைத்தது.

இன்றைய அறிவுகொண்டு நோக்குமிடத்து மற்றொன்றும் மனத்தை உறுத்துகின்றது. ஈயத்தின் தூசும் ஆவியும் உடலுட் சென்று தங்குவன. சிறுவரின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பன. தீங்கற்ற அளவென்று கூறத்தக்க அளவு எதுவும் ஈயத்துக்கு இல்லையென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இவ்வுண்மையை அக்காலத்து இல்லத்தார் அறிந்திலர். நாட்டுப்பற்றின் பெயரால் ஈயச்சட்டியைச் சூழ்ந்திருந்த சிறுவரை எண்ணும்போது, போரின் விலையைப் போர்க்களத்தில் மாத்திரம் கணக்கிடுதல் பொருந்தாது என்பது புலனாகும்.

மருந்துப் பஞ்சம்

லிச்பீல்ட் தாள் சொல்லாமல் விட்டதும் உண்டு. சன்னத்தைச் செலுத்தும் மருந்தைப்பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஈயத்தை மன்னன் சிலையிலிருந்தும் எடுக்கலாம். வெடிமருந்தை அவ்வாறு எடுத்தல் இயலாது. வெடிமருந்து வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றின் கலவை. இவற்றுள் வெடியுப்பே பெரும்பகுதி. அதுவே கிடைத்தற்கரியதும் ஆகும்.

இதனை இரு திறத்தாரும் நன்கறிந்திருந்தனர். 1774 செப்ரெம்பர் 1ஆம் நாள் பிரிட்டிஷ் படையினர் பொஸ்ரன் நகரை அடுத்த மருந்துக் களஞ்சியமொன்றை வெறுமையாக்கிச் சென்றபோது, நாடெங்கும் பெருங் கிளர்ச்சி உண்டாயிற்று. அவ்வாண்டு ஒக்ரோபரில், அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் படைக்கலமும் வெடிமருந்தும் ஏற்றுமதி செய்வதை மன்னன் தடைசெய்தான். 1775 ஏப்ரில் 19ஆம் நாள் லெக்சிங்ரனிற் போர் மூண்டதும், கொன்கோட் என்னுமிடத்திற் சேர்த்து வைக்கப்பட்டிருந்த படைப்பொருள்களைக் கைப்பற்றச் சென்ற படையினாலேயே. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், தம் படையிடம் எஞ்சியிருந்த மருந்து வீரன் ஒருவனுக்கு ஒன்பது வெடிகளுக்கே போதும் என்பதை வாஷிங்டன் அறிந்து திகைத்தார். பல மாதங்களாக அவர் பெருந்தாக்குதல் எதிலும் இறங்காமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வீட்டாரைக் கொண்டே இக்குறையைத் தீர்க்கப் பேரவை முயன்றது. வெடியுப்புச் செய்யும் முறைகளை விளக்கும் சிறுநூல் ஒன்று 1775இல் வெளியிடப்பட்டது. தொழுவத்து மண்ணையும் பழைய கட்டடங்களின் அடிமண்ணையும் கரைத்துக் காய்ச்சுமாறு மக்கள் தூண்டப்பட்டனர். பொஸ்ரன் வெள்ளித்தொழிலாளரான போல் றெவியர், மருந்து ஆலை அமைக்கும் முறையை அறிந்துவரப் பிலடெல்பியாவுக்கு அனுப்பப்பட்டார். இம்முயற்சிகளின் பயன் மிகச் சிறிது. 1777ஆம் ஆண்டின் இலையுதிர்காலம் வரை அமெரிக்கருக்குக் கிடைத்த வெடிமருந்து ஏறக்குறைய 23 இலட்சத்து 47 ஆயிரம் இறாத்தல் என்று ஆராய்ந்தோர் கணித்துள்ளனர். அதில் 14 இலட்சத்து 54 ஆயிரம் இறாத்தல் மருந்தாகவே பிறநாட்டிலிருந்து வந்தது. ஏறத்தாழ 7 இலட்சம் இறாத்தல் பிறநாட்டு வெடியுப்பைக் கொண்டு செய்யப்பட்டது. உள்நாட்டு வெடியுப்பினாற் செய்யப்பட்டது 1 இலட்சத்து 15 ஆயிரம் இறாத்தல் மாத்திரமே. நூற்றுக்கு ஐந்து பங்கு என்க. எஞ்சிய சிறுபகுதி போர் தொடங்கியபோது கையிருந்தது.

வெளியிலிருந்து வந்த மருந்தின் பெரும்பகுதி பிரான்சு தேசத்ததாகும். பிரெஞ்சு அரசின் மருந்து நிருவாகத்தை 1775 முதல் நடத்தியவர்களுள் ஒருவர் இரசாயன அறிஞர் லவாசியே. நாடகாசிரியர் போமார்ஷே ஒரு வணிக நிலையத்தின் பெயரில் மறைவாகப் படைப்பொருள்களை அனுப்பினார். ஒல்லாந்தரின் மேற்கிந்தியத் தீவாகிய சென் யூஸ்ரேஷியசும் இவ்வணிகத்துக்கு வாயிலாயிற்று. பிரிட்டனின் நிலையோ வேறு. பிளாசிப் போரின்பின் பீகார் மாகாணத்து வெடியுப்பு வணிகம் முழுவதையும் கிழக்கிந்தியக் கம்பெனி தன்வசமாக்கியிருந்தது. பட்னாவிலிருந்து கப்பலேறிய வெடியுப்பே பிரிட்டிஷ் பீரங்கிகளின் பேச்சுக்கு உயிரளித்தது. வங்காளத்தில் நடந்த போரொன்றின் பயன் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அப்பாலும் எட்டியமை ஈண்டுச் சிந்திக்கத்தக்கது.

நம் இலங்கையிற் கண்டியரசு இவ்வகையிற் பேறுடையதாயிருந்தது. மலைநாட்டுக் குகைகளில் வௌவால்களின் எச்சம் படிந்த மண்ணிலிருந்து வெடியுப்பு எடுக்கப்பட்டு, மருந்து உள்நாட்டிலேயே செய்யப்பட்டது. 1816 முதல் 1820 வரை இங்கிருந்த வைத்தியர் யோன் டேவி தம் நூலில் இத்தகைய குகையையும் தொழிலையும் விவரித்துள்ளார். இயற்கை கண்டியருக்கு வழங்கியதை அமெரிக்கர் தொழுவத்து மண்ணில் தேடி ஏமாந்தனர் எனலாம்.

ஆகவே வீட்டு அடுப்பு விடுதலையை ஈந்தது என்னும் கூற்றைத் திருத்திக் கூறுதல் வேண்டும். சன்னம் லிச்பீல்ட் பெண்களுடையது. அதைச் செலுத்திய மருந்து பெரும்பாலும் பிறநாட்டாருடையது. முன்னதை மறப்போர் இல்லத்தாரின் உழைப்பை இகழ்ந்தவராவர். பின்னதை மறப்போர் வரலாற்றைப் புகழுரையாக்கியவராவர்.

பிறர் செய்த தோட்டா

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டாத் தொழில் வீட்டையும் படைவீடுகளையும் விட்டுத் தொழிற்சாலையை நோக்கி நகர்ந்தது. சுரியிட்ட குழலுக்கேற்ற நீண்ட சன்னத்தை 1849இற் பிரெஞ்சுப் படைத்தலைவர் மினியே அமைத்தார். இத்தகைய சன்னம் குழலில் இலகுவாக இறங்குதற்குக் கொழுப்புப் பூசிய கடதாசி வேண்டியதாயிற்று. இம்மாற்றம் இந்தியாவில் விளைத்த கேட்டை நாம் யாவரும் அறிவோம்.

1857 சனவரியிற் கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னும் படைத்தொழிற்கூடத்திலிருந்து ஒரு செய்தி பரவிற்று. புதிய என்ஃபீல்ட் துப்பாக்கித் தோட்டாவின் கொழுப்பு பசுவினதும் பன்றியினதுமாம் என்பதே அது. தோட்டாவைப் பல்லாற் கடிக்கும் வழக்கம் இருந்தமையால் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே அஞ்சினர். கொழுப்பிடாத தோட்டாக்களைத் தந்து, வீரர் தமக்கு உகந்த பொருளைத் தாமே பூசிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் விரைவில் இசைந்தது. பல்லாற் கடியாது கையாற் கிழிக்கலாம் என்றும் விதி மாற்றப்பட்டது. எனினும் ஐயம் நீங்கவில்லை. ஏப்ரில் 24ஆம் நாள் மீரத்தில் 85 குதிரைவீரர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே. அவர்கள் விலங்கிடப்பட்டுச் சிறையிலிடப்பட, மே 10ஆம் நாள் கிளர்ச்சி வெடித்தது.

இக்கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. தோட்டாவே காரணமென்று கூறுதல் பேதைமை. ஆயினும், சலுகையாக அரசு முன்வந்து கொடுத்தது யாது என்பதைக் கவனித்தல் வேண்டும். ‘நீரே உம் கையாற் பூசிக்கொள்ளும்’ என்னும் பொருள்படும் உரிமையே அது. தன் கண்முன் தன் கையாற் செய்யப்பட்ட பொருளில் மனிதனுக்கு நம்பிக்கை உண்டு. எங்கோ மறைவில் அந்நியன் செய்த பொருளில் ஐயம் உண்டு. நம்பிக்கை முறிந்தபின் வழங்கிய உரிமை பயன்படவில்லை.

உள்நாட்டுப் போரின் படிப்பினை

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரிலே, வட மாநிலங்களின் கடற்படை தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டது. தென்னாட்டுப் படைக்கலப் பகுதிக்குத் தலைவரான யோசையா கோர்காஸ், நூறாண்டுக்கு முந்திய வறுமையை மீண்டும் சந்தித்தார். சாள்ஸ்ரன் நகரத்து வீடுகளின் யன்னல்களில் தொங்கிய ஈய நிறைகளும், மொபில் நகரத்து ஈயக் குழாய்களும் சன்னத்துக்காகக் கழற்றப்பட்டன. இம்முறையும் ஈயத்தை வீடுகளே ஈந்தன.

ஆனால் மருந்தை வீடுகளிடம் விட்டுவைக்கக் கூடாது என்பதைத் தென்னாட்டார் உணர்ந்திருந்தனர். ஜோர்ஜியா மாநிலத்து ஒகஸ்ரா நகரில் ஜோர்ஜ் வாஷிங்டன் றெயின்ஸ் என்பவர் பெரும் மருந்தாலை ஒன்றை நிறுவினார். அது போர்முடியுமுன் ஏறக்குறைய 27 இலட்சத்து 50 ஆயிரம் இறாத்தல் மருந்து செய்தது. இவ்வாற்றால் மருந்துக் குறை தீர்ந்தது; குறை வேறோரிடத்துத் தோன்றிற்று. தீக்கல் மறைந்து, அடிபட்ட மாத்திரத்தே பொறி எழுப்பும் சிறு செப்புக் கிண்ணம் அக்காலத்தில் வழக்குக்கு வந்திருந்தது. ‘கேப்பு’ என நம்மவர் வழங்குவது அதுவே. தெனசி மாநிலத்துச் செப்புச் சுரங்கங்கள் 1863இற் கைவிட்டுப் போகவே, வட கரோலைனாவிற் சாராயம் வடித்த செப்புப் பாத்திரங்களைத் திரட்டிக் கேப்புச் செய்ய நேர்ந்தது. ஒரு கட்டை அவிழ்த்தால் மறுகட்டு இறுகிற்று.

பித்தளைக் கோதும் மறுநிரப்பும்

சன்னம், மருந்து, கேப்பு ஆகிய மூன்றையும் ஒரே உலோகக் கோதில் அடக்கிய தோட்டா 1860களிற் பரவலாயிற்று. இனி வீட்டுத் தொழில் ஒழிந்தது என்று எவரும் எண்ணியிருப்பர். நிகழ்ந்தது அதற்கு மாறானது. சன்னம் பறந்தபின்னும் கோது கையில் எஞ்சியிருந்தது. பித்தளைக் கோதுக்கு நீட்சியும் மீள்திறனும் உண்டாகையால், அதைச் சீர்செய்து மறுபடி நிரப்பலாம் என்பதைச் சுடுவோர் விரைவில் கண்டுகொண்டனர். கோதின் விலையே தோட்டாவின் விலையிற் பெரும்பகுதி. அதனால் மறுநிரப்பு ஏழை வேட்டைக்காரனின் சிக்கனமாயிற்று.

இங்கே ஒரு சிறு நுட்பம் பெரிய வேற்றுமையை விளைத்தது. 1866ஆம் ஆண்டில் இருவகைக் கேப்புகள் தோன்றின. அமெரிக்கரான ஹைறம் பேடன் அமைத்த முறையில் அடிக்கும் முனை கோதின் பகுதியாகவே அமைந்து, பொறி செல்லும் துளைகள் பக்கத்தே இரண்டாக இருக்கும். பழைய கேப்பைக் கழற்றுதல் கடினம். பிரிட்டிஷ் அதிகாரியான எட்வேட் பொக்ஸர் அமைத்ததில் நடுவே ஒரே துளை. ஊசியொன்றால் உள்ளிருந்து தள்ளிப் பழையதை அகற்றிவிடலாம். விந்தை யாதெனின், அமெரிக்கர் முறை ஐரோப்பாவிலும், ஆங்கிலேயர் முறை அமெரிக்காவிலும் நிலைபெற்றன. அமெரிக்க இல்லங்களில் மறுநிரப்பு வேரூன்றியமைக்கு இந்நடுத்துளை பெருந்துணை செய்தது.

1870களில் மேற்குச் சமவெளியிற் காட்டெருது வேட்டையாடினோர் மருந்தைப் பீப்பாயாகவும் ஈயத்தைப் பாளமாகவும் வாங்கிச் சென்று, இரவில் முகாமின் தீயருகே சன்னம் வார்த்துக் கோதுகளை நிரப்பினர். தொலைவிலுள்ள கடையை எதிர்பாராது நாள்தோறும் சுடுவதற்கு இம்முறை வழிசெய்தது. அதன் விளைவு இரங்கத்தக்கது. கோடிக்கணக்கிற் புல்வெளியை நிறைத்திருந்த அவ்விலங்குகள் 1889இல் வட அமெரிக்கா முழுவதிலும் ஆயிரத்துச் சொச்சமே எஞ்சியிருந்தன என்று விலங்கியலறிஞர் ஹோணடே கணித்தார். அவற்றை நம்பி வாழ்ந்த செவ்விந்தியரின் வாழ்வும் சிதைந்தது. ஒருகால் விடுதலைக்குத் துணைநின்ற அடுப்பங்கரைத் தொழில் மற்றொருகால் அழிவுக்குத் துணைநின்றது. தொழிலுக்கு அறம் இல்லை; செய்வோர்க்கே அறம் உண்டு.

இத்தொழிலுக்கு உரிய கருவிகளையும் நூலையும் ஒழுங்குபடுத்தியவர் யோன் பாலோ. அவர் 1884இற் கொனெற்றிக்கட் மாநிலத்திலே நிறுவிய ஐடியல் நிலையம், கோதைச் சீர்செய்தல் முதல் சன்னத்தைப் பொருத்தல் வரை செய்யும் குறடுபோன்ற கைக்கருவியை விற்றது, கைந்நூல்களையும் வெளியிட்டது. தாயும் மகளும் கண்டு பழகிய தொழில் இப்போது அச்சிட்ட அட்டவணைக்கும் தராசுக்கும் உட்பட்டது.

புகையில்லா மருந்தும் பிற்காலமும்

அதே 1884இற் பிரெஞ்சு இரசாயனி வியெய் புகையில்லா மருந்தைக் கண்டார். பழைய கரிமருந்தினும் அது பன்மடங்கு வலியது. மெல்லிய ஈயச் சன்னம் அவ்வேகத்தைத் தாங்காது குழலில் உருகிப் படிந்தமையால், படைகள் செப்புக்கவசமிட்ட சன்னத்துக்கு மாறின. வீட்டில் வார்ப்போர் ஈயத்தோடு வெள்ளீயமும் அந்திமனியும் சேர்த்துக் கடினமாக்கித் தம் தொழிலைக் காத்துக்கொண்டனர். அவர்கள் விரும்பித் தேடிய கலப்புலோகங்களுள் ஒன்று, அச்சுக்கூடங்களின் பழைய ஈய எழுத்து என்பது இவ்விதழின் வாசகர்க்கு வியப்பளிக்கலாம். கலப்பு ஒன்றே, எழுத்தாயின் அறிவைப் பரப்பும், சன்னமாயின் உயிரைப் போக்கும்.

புகையில்லா மருந்து இன்னொரு பாடத்தையும் புகட்டிற்று. கரிமருந்தைக் கோது நிறையக் கொட்டினாலும் பெருந்தீங்கு நேர்வது அரிது. புதிய மருந்தை அவ்வாறு இட்டோர் துப்பாக்கி வெடித்து விரலையும் கண்ணையும் இழந்தனர். கண்ணளவையாற் செய்த தொழில் நிறையளவையாற் செய்யவேண்டிய தொழிலாயிற்று. பரம்பரை வழக்கம் மாத்திரம் போதாது, அளவறிவும் வேண்டும் என்னும் நிலை இல்லத்துட் புகுந்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் சன்னம் வாங்கக் கிடைக்காதபோது, 1943இற் கலிபோர்ணியா மாநிலத்து ஓறோவில் என்னும் ஊரில் பிரெட் ஹன்ரிங்டன் என்பவர், எறியப்பட்ட சிறு தோட்டாக் கோதுகளையே சன்னத்தின் செப்புக்கவசமாக மாற்றும் கருவியைத் தம் தந்தையாரின் சலவைக்கடையிற் செய்யத் தொடங்கினார். அதுவே பிற்காலத்தில் ஆர்.சி.பி.எஸ். என்னும் பெயர்பெற்ற நிறுவனமாயிற்று. இன்றும் அந்நாட்டிலே தன் தேவைக்குத் தோட்டா நிரப்புவோர் பலர். விற்பனைக்குச் செய்வதாயின் மாத்திரம் உரிமம் வேண்டும். நம் நாட்டுச் சட்டம் இதற்கு மாறானது. அனுமதிப்பத்திரமின்றி வெடிமருந்தை வைத்திருத்தலும் இங்கே குற்றம்.

ஆயினும் சுதந்திரம் மிக்க அம்மறுநிரப்பாளரும் ஒரு பொருளுக்குப் பிறரையே நம்பியிருக்கின்றனர். ஈயத்தைப் பழைய பொருள்களிலிருந்து எடுக்கலாம். கோதை நிலத்திலிருந்து பொறுக்கலாம். கேப்பும் மருந்தும் தொழிற்சாலையிலிருந்தே வருதல் வேண்டும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் கடைகளிற் கேப்பு அருகியபோது, நிரப்புவதற்குக் கோதும் சன்னமும் இருந்தும் பலர் கைகட்டியிருந்தனர். 1775இல் வாஷிங்டன் கண்ட இடர் வடிவம் மாறி வந்தது என்க.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை தெளிவாகும். ஒவ்வொரு காலத்திலும் தோட்டாவின் ஒரு பகுதி இல்லத்தின் கைக்கு எட்டியது. மற்றொரு பகுதி எட்டாதிருந்தது. விடுதலைப் போரில் எட்டாதது மருந்து. உள்நாட்டுப் போரிலும் நம் காலத்திலும் எட்டாதது கேப்பு. எட்டியதை மாத்திரம் கண்டவர் தற்சார்பைப் பாடினர். எட்டாததை மாத்திரம் கண்டவர் அரசையும் ஆலையையும் பாடினர். இரண்டையும் ஒருங்கே கண்டு நிறுத்துப் பார்ப்பதே வரலாற்றாசிரியன் கடன்.

இக்கடனை ஆற்றுதற்குப் பெரிய சாசனங்களே வேண்டுமென்பதில்லை. லிச்பீல்ட் கணக்கைப்போன்ற ஒரு துண்டுத் தாள் போதும். அது தப்பியிராவிடின், மன்னன் சிலையை வீழ்த்திய ஆடவரின் ஆரவாரம் மாத்திரமே நமக்கு எட்டியிருக்கும். 11,592 தோட்டாக்களைக் கட்டிய ஒரு பெண்ணின் பெயர் எட்டியிராது. நம் ஊர் வீடுகளின் பெட்டகங்களிலும் பழைய கணக்கேடுகள், கொள்முதற் சிட்டைகள், கடிதங்கள் உறங்குகின்றன. அவை கறையானுக்கு இரையாகுமுன் அவற்றை எடுத்து வாசித்துப் பாதுகாக்க நம் மாணவர் முன்வருவாராயின், நம் நாட்டு வரலாற்றிலும் இத்தகைய பெயர்கள் பல வெளிப்படும் என்பது திண்ணம்.